யெரெபதான்: சேற்றை அள்ளக் கிடைத்த மாளிகை

எங்கள் ஊர்க் கோயிலின் மேற்கு வீதியில் பழைய கிணறு ஒன்று இருக்கிறது. செங்கல் கட்டு, சுண்ணாம்புப் பூச்சு, காலத்துக்குக் காலம் ஒட்டுப்போட்ட விளிம்பு. குழாய்த் தண்ணீர் வந்தபிறகு யாரும் அதில் அள்ளுவதில்லை. போன வைகாசியில், அதை 'வெளியாட்கள் வந்து பார்க்கிற இடமாக' ஆக்குவது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் பட்டியல் தயார்: உள்சுவருக்குச் சீமெந்துப் பூச்சு, வெளியே டைல்ஸ், வீதி முகப்பில் ஒரு வளைவு, நிறம் மாறும் லைட், நாலு சீமெந்து வாங்கு, அன்பளித்தவர்களின் பெயர் பொறித்த கல். கிணற்றை ஒருக்கா இறைக்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசி வரிசையில், நீர்வழங்கல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். ஊருக்கே அவர் இஞ்சினியர் மாமா. கூட்டம் கலையும்போது என் தோளில் தட்டினார்.

"மகன், நீ சுற்றுலாதானே படிப்பிக்கிறாய்? துருக்கியில நிலத்துக்குக் கீழ ஒரு தண்ணித் தேக்கம் இருக்கு, சனம் காசு குடுத்துப் பாக்குது. அது எப்பிடி அந்த நிலைக்கு வந்தது எண்டு எழுதித் தா. மறுகா இந்தப் பட்டியலைப் பத்திப் பேசுவம்."

அவருக்காக எழுதியதுதான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது.

கோடைக்கு ஒரு குழி

இடம் இஸ்தான்புல், அன்றைய கொன்ஸ்தாந்தினோபிள். கட்டுவித்தவர் பேரரசர் முதலாம் ஜஸ்டினியன். 532 ஜனவரியில் அந்த நகரில் நிக்கா கலகம் வெடித்தது. தேரோட்டப் பந்தயக் கட்சிகளுக்குள் மூண்டது, அரசனையே கவிழ்க்கும் அளவுக்குப் போய், நகரின் நடுப்பகுதி எரிந்தது. அடக்கிய விதமும் கொடூரம். பந்தய மைதானத்தில் மட்டும் 30,000 பேர் வெட்டப்பட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் எழுதுகிறார். எரிந்த நகரைத் திரும்பக் கட்டிய அந்த வேகத்தில்தான் ஹாகியா சோபியா தேவாலயம் எழுந்து 537 இல் முடிந்தது. அதற்கு ஏறத்தாழ 150 மீட்டர் தள்ளி, வழக்கறிஞர்கள் கூடி வழக்குப் பேசும் பெரிய தூண் முற்றம் ஒன்று இருந்தது. அந்த முற்றத்தின் கீழேதான் இந்தத் தேக்கம். முற்றத்துக்குப் பசிலிக்கா என்ற பெயர் வழங்கியதால் வெளிநாட்டார் இதைப் பசிலிக்கா நீர்த்தேக்கம் என்கிறார்கள். துருக்கியர் சொல்வது யெரெபதான், அதாவது நிலத்துக்குள் அமிழ்ந்தது. அமிழ்ந்த மாளிகை என்றும் ஒரு பெயர் உண்டு.

ஏன் தோண்டினார்கள் என்பதற்கும் புரோகோப்பியுஸிடம் பதில் இருக்கிறது. மற்றப் பருவங்களில் நகருக்குப் போதிய தண்ணீர் வந்தது, மிகுதி வீணாகவும் போனது, கோடையில் தட்டுப்பாடு. வீணாகிற நீரைக் கோடைக்கென்று பிடித்துவைக்கவே ஜஸ்டினியன் இதைச் செய்வித்தார் என்கிறார். எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எங்கள் கரையில், பிறந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஐப்பசி முடிவிலிருந்து தை வரை வளவெல்லாம் வெள்ளம், வாவி வெள்ளம் கடலுக்குப் போக முகத்துவாரத்தை வெட்டிவிடு, வெட்டாதே என்று சண்டை. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அதே வளவுக் கிணற்றில் வாளி தரை தட்டும்.

தேக்கத்துக்கு வந்த தண்ணீர் அங்கே ஊறியது அல்ல. வடக்கே பெல்கிராத் காட்டுப் பக்கத்திலிருந்து, ஏறத்தாழ 19 கிலோமீட்டர், சரிவை மட்டும் நம்பிக் கால்வாய்களிலும் நீர்ப்பாலங்களிலும் ஓடிவந்தது. நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த 4 ஆம் நூற்றாண்டு வாலன்ஸ் நீர்ப்பாலம் இன்றும் நிற்கிறது; அதன் வளைவுகளுக்கு ஊடாக இப்போது பஸ் ஓடுகிறது. இப்படித் தூரத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் நகரத்துக்கு ஒரு பயம் எப்போதும் இருக்கும்: மதிலுக்கு வெளியே எதிரி கால்வாயை வெட்டிவிட்டால்? 626 இல் அவார் என்ற நாடோடிப் படையினர் நகரை முற்றுகையிட்டபோது அதைத்தான் செய்தார்கள். வெட்டப்பட்ட வாலன்ஸ் வழியை 766 வாக்கில்தான் பேரரசர் ஐந்தாம் கொன்ஸ்தாந்தைன் திருத்தினார். இடையில் 140 ஆண்டு. அந்த நகரில் நூற்றுக்கணக்கான தேக்கங்கள் தோண்டப்பட்டதற்குக் கோடையோடு சேர்த்து இந்தப் பயமும் காரணம்.

அளவைச் சொல்கிறேன். நீளம் ஏறத்தாழ 140 மீட்டர், அகலம் 70. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒரு உதைபந்தாட்டக் களத்தைக் கீறினால் அதைவிடப் பெரிது. 9 மீட்டர் உயரத் தூண்கள், வரிசைக்கு 28 ஆக 12 வரிசை, மொத்தம் 336. தூணுக்குத் தூண் ஏறத்தாழ 5 மீட்டர். தூண்களின் தலையில் செங்கல் வளைவுக் கூரை. சுற்றுச்சுவர் 4 மீட்டர் தடிப்பு. கொள்ளளவு ஏறத்தாழ 80,000 கன மீட்டர். மாமா உடனே கணக்குப் பார்ப்பார் என்பதால் நானே பார்த்துவிட்டேன்: எங்கள் வீட்டுக் கூரைகளில் நிற்கிற ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கிகளில் 80,000 தாங்கி. அம்பாறையின் சேனாநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 95 கோடி கன மீட்டர் பிடிக்கும், அதாவது இதைப்போலப் பன்னிரண்டாயிரம் மடங்கு. நீர்த்தேக்கம் என்ற வகையில் யெரெபதான் எங்கள் பக்கத்துக் குளங்களோடு போட்டிபோட முடியாது.

ஆனால் குளத்துக்கு இல்லாத இரண்டு அதற்கு உண்டு. மூடி இருக்கிறது, இருட்டாக இருக்கிறது. வெயில் படாததால் ஆவியாகிப் போவது மிகக் குறைவு. வெளிச்சம் இல்லாததால் பாசி வளராது. வாவிக்கு மேற்கே படுவான்கரைக் குளத்தில் ஆவணி மாதம் மிஞ்சுகிற பச்சைத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். இன்று சுற்றுலாப் பயணி மெய்மறந்து பார்க்கிற அந்த இருட்டு, தண்ணீர் கெடாமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான்.

சுவரிலும் தரையிலும் பூசியது சுண்ணாம்போடு இடித்த செங்கல் தூளைச் சேர்த்த சாந்து. தண்ணீர் கசியாது, ஈரத்தில் இறுகும். இந்தச் சாந்துக்குப் பின்னால் வேலை இருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூண்களில் பெரும்பாலானவை பழைய கட்டடங்களிலிருந்து கழற்றி வந்தவை. ஒன்றுக்கு அலங்காரத் தலைப்பு, இன்னொன்றுக்கு மொட்டைத் தலை. ஒரே கல்லில் வந்ததும் உண்டு, இரண்டு துண்டு பொருத்தியதும் உண்டு. ஒரு தூணில் கண்ணீர்த்துளி போலவோ மயிற்பீலிக் கண் போலவோ செதுக்கல் ஓடுகிறது. தியோடோசியஸ் பேரரசரின் வெற்றி வளைவுத் தூண்களிலும் இதே வேலைப்பாடு இருக்கிறது. தண்ணீருக்குள் மூழ்கப்போகிற தூணுக்கு அழகு எதற்கு? கையிருப்பில் இருந்ததைப் போட்டார்கள். வீட்டு மதிலுக்குப் பழைய கதவு நிலையைப் பாவிக்கிற எங்கள் மேசன்மாரின் சிக்கனம்தான்.

தோணி வைத்திருந்தவருக்குத் தெரியாதா?

1453 இல் நகரம் ஓட்டோமான் துருக்கியரிடம் போனது. தேங்கி நிற்கும் நீரைவிட ஓடும் நீரையே அவர்கள் விரும்பினார்கள். தேக்கத்து நீர் கொஞ்சக் காலம் தோப்கபி அரண்மனைத் தோட்டங்களுக்குப் போனது. மேலே முற்றம் அழிந்து வீடுகள் எழுந்தன. இதற்குப் பிறகு வழிகாட்டிப் பிரசுரங்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்லும்: தேக்கம் மறக்கப்பட்டது, 1540 களில் பியர் ஜில் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைக் கண்டுபிடித்தார்.

ஜில் வந்தது பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவுக்காகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் தேட. நகரின் பழைய இடங்களை எல்லாம் அளந்து குறித்துக்கொண்டார். அவர் இறந்தபின், 1561 இல், அந்தக் குறிப்புகள் இலத்தீனில் அச்சாகின. அதில் யெரெபதான் பற்றிய பகுதியை வகுப்பில் மாணவர்களோடு சேர்ந்து வாசித்தோம். இந்த ஊரார் அக்கறையற்றவர்கள், தங்கள் கிணறுகளில் தினமும் தண்ணீர் அள்ளுகிறார்கள், கீழே ஒரு தேக்கம் இருப்பதாகச் சந்தேகம்கூட இல்லை, அந்நியனான நான்தான் தேடிக் கண்டேன் என்கிறார் ஜில். சரி. அடுத்த வரிகளில் என்ன சொல்கிறார்? தற்செயலாக ஒரு வீட்டுக்குள் போனாராம். அங்கே கீழே இறங்க வழி இருந்ததாம். ஒரு சிறு தோணியும் இருந்ததாம். வீட்டுக்காரர் பந்தம் கொளுத்தி, தூண்களுக்கு ஊடாக அங்கும் இங்கும் அவரை வலித்துக்கொண்டு போனாராம். போகிற போக்கில் வீட்டுக்காரருக்குக் கவனமெல்லாம் மீனில்தான். பந்த வெளிச்சத்தில் சிலதைக் குத்தியும் எடுத்தாராம்.

வகுப்பில் பின் வாங்கில் இருந்த கிரான்குளத்துப் பிள்ளை கேட்டாள்: "சேர், தோணி வச்சிருக்கிற ஆளுக்குத் தண்ணி இருக்கிறது தெரியாதா?"

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. அவளுடைய அப்பா வாவியில் இரவில் சூள் பிடித்து மீன் குத்துகிறவர். தோணி, வெளிச்சம், ஈட்டி, மீன் எங்கே மேலே வரும் என்ற அறிவு. கிணற்று வாய் வழியாக வெளிச்சம் விழுகிற இடத்துக்கு மீன் மூச்செடுக்க வரும் என்று ஜில்லே எழுதியிருக்கிறார். அதை அவருக்குக் காட்டிக் கொடுத்தது யார்? வீட்டுக்காரருக்குத் தெரியாதது ஜஸ்டினியனின் பெயர் மட்டும். இடம் தெரியும், ஆழம் தெரியும், மீனும் தெரியும்.

சுற்றுலா ஆய்வுகளில் 'கண்டுபிடித்தார்' என்று வருகிற இடமெல்லாம் இப்போது நான் கோடு போட்டு வைக்கிறேன். எங்கள் பக்கத்துப் பழைய இடங்களுக்கும் பெயர்ப்பலகை எழுதும்போது இதே வார்த்தை வந்து உட்காரும். அங்கே மாடு மேய்த்தவர், விறகு பொறுக்கியவர், குளத்துக்கு மடை திறந்தவர் எல்லாரும் பலகையிலிருந்து இறங்கிவிடுவார்கள்.

ஒட்டுப்போட்ட காலம்

அதன் பிறகு நானூறு ஆண்டுக் கதை அவ்வளவு சுவையானதல்ல, வேகமாகக் கடந்துவிடலாம். 1723 இல், மூன்றாம் அகமது சுல்தான் காலத்தில் ஒரு திருத்தம். 19 ஆம் நூற்றாண்டு முடிவில், இரண்டாம் அப்துல்ஹமீது காலத்தில் இன்னொன்று. தென்மேற்கு மூலையில் ஒரு பகுதி சுவர் எழுப்பி மறைக்கப்பட்டதால் இன்றும் 336 தூண்களையும் பார்க்க முடியாது. 1955 க்கும் 1960 க்கும் இடையில், உடையும் நிலையில் இருந்த சில தூண்களைச் சுற்றிக் கொங்கிறீற் உறை போட்டார்கள். 1968 இல் வெடிப்புகளும் தூண்களும் திருத்தப்பட்டன. ஒவ்வொரு கையும் ஏதாவது ஒன்றைச் சேர்த்தது. கீழே சேறு ஏறிக்கொண்டே இருந்தது. பார்க்க வந்த சிலரைத் தோணியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள்.

50,000 தொன் சேறு

திருப்பம் 1985 இல். அதே ஆண்டு இஸ்தான்புல்லின் பழைய நகரப் பகுதிகள் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறின. நகரின் மாநகர சபை யெரெபதானைத் துப்புரவு செய்யத் தொடங்கியது. இரண்டு ஆண்டில் அள்ளிய சேறு 50,000 தொன் என்று கணக்குச் சொல்கிறார்கள். 5 தொன் ஏற்றுகிற டிப்பரென்றால் 10,000 நடை. நிலத்துக்குக் கீழிருந்து, 52 படிக்கட்டு உள்ள ஒரு வாசல் வழியாகப் பொதுமக்கள் இறங்குகிற இடத்திலிருந்து, இவ்வளவு சேற்றை வெளியே எடுத்ததுதான் இந்த ஆய்வில் என்னை அதிகம் நிறுத்தி வைத்த விஷயம். திறப்புவிழாப் படங்களில் இது வராது. நாடா வெட்டும் கத்தரிக்கோலுக்குச் சேறு ஒட்டுவதில்லை.

சேறு போனதும் தரை தெரிந்தது. வடமேற்கு மூலையில் இரண்டு தூண்களின் அடியில் இரண்டு மெடூசா தலைகளும் தெரிந்தன. கூந்தலுக்குப் பதில் பாம்புகள் நெளிகிற, பார்த்தவரைக் கல்லாக்கும் கிரேக்கப் புராணப் பெண். ஒரு தலை தலைகீழாக இருக்கிறது, மற்றது பக்கவாட்டில் சரிந்திருக்கிறது. அவளுடைய பார்வையின் சக்தியை முறிக்கவே அப்படி வைத்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு மற்ற விளக்கத்தில்தான் நம்பிக்கை: தூண் கட்டையாக இருந்தது, அடிக்குக் கல் தேவைப்பட்டது, கிடந்த கல்லை எந்தப் பக்கம் வைத்தால் மட்டம் சரிவருமோ அந்தப் பக்கம் வைத்தார்கள். தண்ணீருக்குள் போகிற கல்லின் முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

இன்று அந்த இரண்டு தலைகளுக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். இஸ்தான்புல்லுக்குப் போகிறவர்களின் கைபேசிகளில் எல்லாம் அந்தத் தலைகீழ் முகம் இருக்கும். யெரெபதானின் மிகப் பெரிய கவர்ச்சியை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. சேற்றுக்குள் கிடந்தது, சேற்றை எடுத்தார்கள்.

தோணிக்குப் பதில் நடைபாதை போட்டார்கள். 1987 செப்டெம்பர் 9 இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தண்ணீரை முழுதாக வற்றவிடவில்லை. ஆழம் குறைத்து வைத்தார்கள், மீனும் விட்டார்கள். நிறைந்த தேக்கத்தில் நடக்க முடியாது, வெறும் தேக்கம் ஒரு பண்டகசாலை போல இருக்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு படலம் தண்ணீர் இருந்தால் தூணும் வளைவும் கீழே இன்னொரு முறை தெரியும். அந்தப் பிரதிபலிப்புக்குத்தான் சனம் டிக்கெட் வாங்குகிறது.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். வாசல் சிறியது. வீதியோரம் ஒரு சின்னக் கட்டடம், அதற்குள் படி. தெரியாதவர் தாண்டிப் போய்விடுவார். வளைவு இல்லை.

சீமெந்தைக் கழற்றிய கதை

30 ஆண்டு ஓடியது. இஸ்தான்புல் பூமியதிர்ச்சிக்குப் பேர்போன பிளவுக்கு அருகில் இருக்கிறது. 1999 ஓகஸ்ட் 17 இல் அந்தப் பக்கத்து இஸ்மித்தை அடித்த அதிர்ச்சியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். தேக்கத்துக்குள் தூண்களைப் பிணைத்திருந்த பழைய இரும்புகள் துருப்பிடித்திருந்தன. 2017 இல் பெரிய திருத்தம் தொடங்கி, கட்டம் கட்டமாக நடந்து, 2022 ஜூலையில் திரும்பத் திறந்தார்கள்.

இந்த ஐந்து ஆண்டில் செய்ததில் பெரும்பகுதி முன்னையோர் சேர்த்ததைக் கழற்றியது. பிற்காலச் சீமெந்துப் படலங்களை அகற்றினார்கள். 1980 களின் நடைபாதையைப் பெயர்த்தார்கள். அதன் இடத்தில், தரைக்கு நெருக்கமாக, மெல்லிய இரும்பு நடைபாதை. வேண்டாமென்றால் நாளைக்குக் கழற்றிக்கொண்டு போகலாம். அடியில் ஜஸ்டினியன் காலத்துச் செங்கல் தரை திரும்ப வெளியே வந்தது. துருப்பிடித்த பிணைப்புகளின் இடத்தில் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகள், மேலே நிமிர்ந்து தேடினால் தெரியும், தேடாவிட்டால் கண்ணை உறுத்தாது.

ஏன் சீமெந்தைக் கழற்ற இவ்வளவு பாடு? முன்னே சொன்ன சாந்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சாந்துக்கு மூச்சு உண்டு. சுவருக்குள் ஏறுகிற ஈரம் அதன் வழியாக வெளியே வந்து காயும். மேலே சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. அதோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே பளிங்காகி, செங்கல்லை உள்ளிருந்து உடைக்கும். கல்லடியில் கடற்கரைப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள்: சுவர் பொரிகிறது என்று சீமெந்து பூசுவார்கள், இரண்டு மாரி போனால் பூச்சோடு செங்கல்லும் சேர்ந்து கையில் வரும். கடினமான பொருளால் மென்மையான பொருளைப் பாதுகாக்க நினைப்பது அந்தக் காலத்துப் பொறியியலின் பெரிய தவறு, இஸ்தான்புல்லிலும் சரி, எங்கள் கோயில் வீதியிலும் சரி.

ஆனால் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுப் போக முடியாது. 2022 க்குப் பிறகு அங்கே நிறம் மாறும் விளக்குகள் வந்துவிட்டன. ஒரு நிமிடம் சிவப்பு, ஒரு நிமிடம் நீலம், நடுவில் ஏறக்குறைய இருட்டு. தண்ணீருக்குள் இக்காலக் கலைஞர்களின் சிற்பங்களையும் நிறுத்தியிருக்கிறார்கள். மாலையில் தனிக் கட்டணத்தில் இரவுக் காட்சி. விளக்கு மாறும்போது தூண்களின் ஆழம் கூடிக் குறைவது அழகுதான் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். படங்களில் பார்த்த எனக்கு அது திருவிழாப் பந்தல் ஞாபகத்தைத் தருகிறது. சுவரையும் கல்லையும் தொடாமல், ஆளியை அமத்தினால் மறைந்துவிடுகிற சேர்ப்பு என்பதால் கோபப்படவும் முடியவில்லை. கூட்டத்தில் லைட் கேட்டவர்கள் இந்தப் பந்தியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போகக்கூடும். மேலே உள்ளதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

பக்கத்திலேயே இன்னும் இரண்டு தேக்கங்கள் ஒப்பிடக் கிடைக்கின்றன. பின்பிர்திரெக், அதாவது ஆயிரத்தொரு தூண். உண்மையில் 224 தூண். அது வறண்டு, ஒரு காலத்தில் நூல் முறுக்குகிற பட்டறையாகி, பிறகு விழாக்களுக்கு வாடகைக்கும் போனது. தூண்களின் கீழ்ப்பகுதி இன்னமும் மண்ணுக்குள். அடுத்தது 5 ஆம் நூற்றாண்டுத் தியோடோசியஸ் தேக்கம், 32 தூண்கள். 2018 இல் திறந்தார்கள், சுவரிலும் தூணிலும் ஒளிப்படம் ஓட்டுகிறார்கள். மூன்றும் கொன்ஸ்தாந்தினோபிள் காலக் கைவேலை, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகலாம். நீண்ட வரிசை நிற்பது தண்ணீர் இருக்கிற வாசலில்தான்.

எங்கள் தேக்கம் எங்கே இருக்கிறது

இவ்வளவையும் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். திண்ணையில் இருந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். முடிந்ததும், "நல்லா இருக்கு மகன். ஆனா ஒண்டை விட்டுப்போட்டாய். இதை வாசிக்கிறவன் நாளைக்கே ஒரு பெரிய மோட்டரைக் கொண்டுவந்து கிணத்தை அடியோட இறைப்பான். மறுகா என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

சொன்னது சரி. எழுவான்கரைக்குத் தூணும் இல்லை, வளைவும் இல்லை, தேக்கம் மணல்தான். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கிற இந்த ஒடுங்கிய மணல்திட்டில் மாரி மழை இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் பாரம். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால், கணக்குப்படி கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே 40 அடி விட்டுக்கொடுக்க வேண்டும். மணல்திட்டு ஒடுங்கியதாக இருக்கிற இடங்களில் வில்லை அந்த அளவுக்குத் தடிப்பதே இல்லை.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்துபோனபின் எங்கள் கிணறுகளில் உப்பும் சேறும். உதவிக்கு வந்தவர்களும் நாங்களும் மோட்டரைப் போட்டு இறைத்தோம். தெளிகிற வரைக்கும் இறை என்றார்கள், இறைத்தோம். பல கிணறுகளில் இறைக்க இறைக்க உப்புக் கூடியது. மேலே விழுந்த கடல் நீரை எடுக்கப் போய், கீழே கிடந்த உப்பை நாங்களே கூம்புபோல மேலே இழுத்துவிட்டோம். பிறகு வந்த மாரிகள்தான் மெல்ல மெல்லக் கழுவிக் கொடுத்தன. அந்த மாதங்களில் மாமா கையில் ஒரு உப்பளக்கிற மீட்டரோடு வீடு வீடாகத் திரிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று சொல்லிக்கொண்டே போவார். சுத்தம் செய்ய வந்தவர்களை நிறுத்தச் சொன்னதால் அப்போது அவரை எல்லாரும் ஏசினார்கள். நானும்தான்.

யெரெபதானுக்கு 4 மீட்டர்ச் சுவர் இருக்கிறது, எவ்வளவு அள்ளினாலும் கீழிருந்து ஒன்றும் ஏறி வராது. எங்கள் கிணற்றுக்கு அடி திறந்த மணல். அங்கே அள்ளிய வேகத்தில் இங்கே அள்ள முடியாது. அள்ளவேண்டும் என்பதில் மாமாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை; எதனால், எவ்வளவு, எப்போது என்பதில்தான் அவர் என்னைத் திருத்தினார்.

"மோட்டர் வேணாம். வாளி, ரெண்டு ஆள், காலையில ரெண்டு மணித்தியாலம். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா உப்பை அளக்கணும். கூடினா விட்டுட்டு அடுத்த கிழமை. சேத்தை மட்டும் எடு, அடி மணலைக் கிண்டாத."

"சுவர்?"

"பொரிஞ்ச சீமெந்தைச் சுரண்டு. சுண்ணாம்பு குழைக்கத் தெரிஞ்ச ஒரு கிழவன் வந்தாறுமூலைப் பக்கம் இருக்கிறான், நான் கூட்டி வாறன்."

"டைல்ஸ்?"

அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

இரண்டாவது கூட்டம் ஆடிப் பறுவத்துக்கு அடுத்த ஞாயிறு நடந்தது. நான் படங்களைக் காட்டினேன். மெடூசாவைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் முன்னுக்கு வந்து இருந்துகொண்டார்கள். பூசகர் ஐயா, கிணற்றுக்குள் இருந்து எது வந்தாலும் முதலில் தனக்குக் காட்டவேண்டும் என்றார். ஒரு அண்ணர், இதுக்கெல்லாம் காசு தருகிறவர்கள் பெயர்க்கல் கேட்பார்களே என்றார். அது நியாயமான கேள்வி, சேறு அள்ளியதற்குக் கல்லில் பெயர் போட யாரும் பணம் தருவதில்லை. கடைசியில் புரட்டாதி நடுப்பகுதியில், மழை தொடங்க முன்னம், வாளியால் இறைப்பதென்று முடிவானது. இரண்டு ஆள் போதும் என்று மாமா சொல்லியும் பதினாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய பட்டியல் இன்னும் செயலாளரின் கோப்பில்தான் இருக்கிறது. வளைவுக்கு ஒருவர் ஏற்கெனவே முற்பணம் கொடுத்துவிட்டாராம்.